பஞ்சு வைத்த சாட்டை

லிவர்பூலை ஒட்டிய எய்ன்ட்ரீ மைதானத்தில் ஒரு குதிரை வேலி தாண்டும்போது இடறி விழுந்து கழுத்தையோ காலையோ முறித்துக்கொண்டால், முதலில் ஓடி வருவது மருத்துவர்தான் என்று நினைப்பீர்கள். அவரும் வருகிறார். அவரோடு கூடவே ஒரு பச்சைத் திரையும் வருகிறது. நாலு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்துக் குதிரையைச் சுற்றி நிறுத்துகிறார்கள். உள்ளே நடக்க வேண்டியது உள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. வெளியே இறகுத் தொப்பி வைத்த சீமாட்டிகள் கையிலிருக்கும் ஷாம்பெயினைக் கீழே வைக்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. குதிரைப் பந்தய உலகம் இதுவரை கண்டுபிடித்த நலத்திட்டங்களில் ஆகச் சிறந்தது இந்தத் திரைதான். யாருடைய நலம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

கிராண்ட் நேஷனல் என்ற அந்தப் பந்தயம் 1839 முதல் நடக்கிறது. நாலேகால் மைலுக்கும் கூடுதலான ஓட்டம், தாண்டுவதற்கு முப்பது வேலிகள், முதுகில் ஓர் ஆள். 2023இல் ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை முதல் வேலியிலேயே விழுந்து செத்தது. அன்று காலையிலிருந்தே விலங்குரிமைக்காரர்கள் மைதானத்துக்குள் புகுந்து மறித்துப் பார்த்தார்கள். 118 பேரைப் போலீஸ் பிடித்தது. பந்தயம் கால் மணி நேரம் தாமதமானது. செத்த குதிரையின் பயிற்சியாளர் என்ன சொன்னார் தெரியுமா? போராட்டக்காரர்கள் உண்டாக்கிய தாமதத்தால் குதிரை பதற்றமாகிவிட்டதாம், அதனால்தான் விழுந்ததாம். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். குதிரை குழி பறித்து யாரும் பார்த்ததில்லை. குதிரையைக் கீழே தள்ளி, குழியும் பறித்து, அந்தக் குழிக்கான பில்லை அடுத்தவன் பெயரில் எழுதுகிறவர்களை எய்ன்ட்ரீயில் நேரிலேயே பார்க்கலாம்.

பிறகு சீர்திருத்தம் வந்தது. 2024 முதல் நாற்பது குதிரைகளுக்குப் பதில் முப்பத்து நான்கு. முதல் வேலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார்கள், குதிரைகள் வேகம் பிடிப்பதற்குள் வேலி வந்துவிட வேண்டும் என்பதற்காக. நல்ல யோசனைதான். அந்த முப்பது வேலிகளில் ஒன்றைக்கூட எடுக்காமல் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று வியக்கலாம். 2025இல் பதின்மூன்று வயதுக் குதிரை ஒன்று கடைசி வேலியைத் தாண்டிய பிறகு துவண்டு சரிந்தது, மூன்று நாள் கழித்துச் செத்தது. பதின்மூன்று என்பது பந்தயக் குதிரைக்கு ஓய்வு எடுத்திருக்க வேண்டிய வயது.

அடுத்தது சாட்டை. பிரிட்டனில் இப்போது சாட்டைக்குப் பஞ்சு மாதிரி மெத்தை வைத்துவிட்டார்கள். அதோடு கணக்கும் உண்டு: வேலி தாண்டும் பந்தயத்தில் ஒரு ஜாக்கி ஏழு முறை வரை அடிக்கலாம், சமதளப் பந்தயத்தில் ஆறு முறை. ஏழாவது அடி வரை அதற்குப் பெயர் ஊக்குவிப்பு. எட்டாவது அடி விதிமீறல். பந்தயத்தில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் குதிரையின் தோலுக்குள் என்ன மாறுகிறது என்று எந்தக் கால்நடை மருத்துவரும் இதுவரை விளக்கவில்லை. ஆனால் வேறொன்றைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். வலியை உணரும் மேல்தோலில் நரம்பு முனைகளின் அடர்த்தியில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. "குதிரைக்குத் தோல் தடிமன் சார், அதுக்கு உறைக்காது" என்று நூறு வருடமாகச் சொல்லி வந்தவர்கள் அதைப் படித்தார்களா தெரியாது. சாட்டை இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை, பந்தயமே நடக்காது என்பதும் அவர்களுடைய வாதம். நார்வேயில் 1982லிருந்தே வேகத்துக்காகச் சாட்டை அடிக்கக் கூடாது. அங்கேயும் பந்தயத்துக்குப் பந்தயம் ஏதோ ஒரு குதிரை முதலில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பந்தயக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த நாட்டில் கேட்டாலும் ஒரே பதில் வரும்: "குதிரைக்கு ஓட ஆசை. அதன் ரத்தத்தில் ஊறியது." சரி, ஓட ஆசைப்படும் பிராணிக்கு வாயில் இரும்பு எதற்கு, விலாவில் குதிமுள் எதற்கு, முதுகில் சாட்டை எதற்கு? ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறவனை யாராவது அடித்துச் சாப்பிட வைப்பார்களா?

குதிரையின் ஆசை என்னவென்று அதன் வயிறே சொல்லும். நாளில் பாதிக்கும் மேல் மேய்ந்துகொண்டே இருப்பதற்காக அமைந்த வயிறு அது. இரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நார்த் தீனியும் உமிழ்நீரும்தான் அதற்கு மருந்து. அதைப் பன்னிரண்டடி லாயத்தில் நாள் முழுக்க அடைத்து, வேகம் வேண்டுமென்று தானியத்தைக் கொட்டி, காலையில் வெறும் வயிற்றில் ஓட விட்டால் அமிலம் மேலே தெறித்து வயிற்றையே தின்னும். பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பது லாயக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். முழு வேகத்தில் ஓடும்போது நுரையீரலின் நுண்குழாய்கள் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கசிவதும் தெரியும். அதற்கென்று ஊசி இருக்கிறது, போட்டுவிட்டு ஓட விடுகிறார்கள். எலும்பு முழுசாக முதிர ஐந்தாறு வயதாகும் பிராணியை இரண்டு வயதில் பந்தயத்தில் இறக்குகிறார்கள், ஏனென்றால் முதல் போட்டவருக்கு அதுவரை தீனிச் செலவு தாங்காது. இதையெல்லாம் செய்துவிட்டு, கால் ஒடிந்த அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தோம்" என்கிறார்கள். நல்லவேளை, நம்மில் பலர் அவர்கள் வீட்டில் பிறக்கவில்லை.

அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் 2023இல் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டு குதிரைகள் செத்தன. பந்தயங்களை வேறு ஊருக்கு மாற்றி, விசாரணை வைத்தார்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை என்று முடிந்தது. பந்தயமே காரணமாக இருக்கலாமோ என்ற சந்தேகம் விசாரணையின் எல்லைக்குள் வராது போலும். மைதானம் மறுபடி திறந்தது.

சூதாட்டக்காரர்கள்தான் இப்படி, ஒலிம்பிக் மேட்டுக்குடி அப்படியல்ல என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அங்கே பந்தயப் பணம் கிடையாது, கலை உண்டு. குதிரை நடனம் ஆடும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் அதில் ஆறு ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். 2024 பாரிஸ் போட்டிக்குச் சில நாள் முன்பு ஒரு வீடியோ வெளிவந்தது. பயிற்சிக்கூடத்தில் மாணவி ஒருவர் குதிரை மேல் இருக்க, இவர் கீழே நின்று நீளச் சாட்டையால் அதன் கால்களில் அடிக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் இருபத்து நாலு அடி என்று புகார் சொன்னார்கள். தவறான முடிவு எடுத்துவிட்டேன், அது என் இயல்புக்கே மாறானது என்று சொல்லி அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். உழைக்கும் குதிரைகள், கழுதைகளின் நலனுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அப்போது அவர்தான் தூதர். வீடியோவுக்குப் பிறகு நிறுவனம் அவரைக் கைகழுவியது. ஒரு வருடத் தடை, பத்தாயிரம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம். கேமரா இல்லாத பயிற்சிக்கூடங்களில் எல்லோரும் இயல்பாகத்தான் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொள்வோம்.

சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் நடத்தை விதியைத் திறந்தால், குதிரையின் நலனே எல்லாவற்றிலும் தலையாயது என்று தங்க எழுத்தில் இல்லாத குறையாக எழுதியிருக்கிறது. செயலில் அது எப்படி இருக்கிறது? 2009இல் டென்மார்க்கில் ஒரு குதிரையின் கழுத்தை மார்போடு மடித்து இழுத்ததில் நாக்கு நீலம் பூத்துத் தொங்கியதை உலகமே வீடியோவில் பார்த்தது. கூட்டமைப்பு கூடி முடிவெடுத்தது: பலவந்தமாக மடித்தால் தவறு, பலவந்தம் இல்லாமல் மடித்தால் பரவாயில்லை, அதையும் தொடர்ச்சியாகப் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கோட்டும் டையும் போட்ட ஓர் அதிகாரி கையில் கடிகாரத்தோடு நின்று, ஒரு பிராணியின் மூச்சுக்குழல் மடிந்திருப்பதற்கு நிமிடக் கணக்குப் பார்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாவது நிமிடத்தில் குதிரை நலமாக இருக்கிறது.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைக் குறை சொல்லும் பழமொழி நம்மிடம் உண்டு. அந்தப் பழமொழிக் குதிரைக்காவது வாயை மூடும் உரிமை இருந்தது. இந்தக் கலைக் குதிரைகளுக்கு மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவார்கள், திறக்கவே முடியாது. வாய் திறந்தால் வலி தெரியும், வலி தெரிந்தால் மதிப்பெண் குறையும். பாரிஸில் பிரேசில் வீரர் ஒருவரின் குதிரைக்கு விலாவில் ரத்தம் தெரிந்ததால் அவரைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். நியாயம்தானே? வீரர்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. சின்னக் கீறலுக்கெல்லாம் வெளியேற்றினால் எப்படி என்று முறையிட்டார்கள். 2025 நவம்பரில் ஹாங்காங்கில் கூடிய பொதுக்குழு, தாவல் போட்டியில் ரத்தம் தெரிந்தாலே வெளியேற்றம் என்ற விதியைத் தளர்த்தியது. குதிரையின் ரத்தத்தைக் குறைப்பதைவிட ரத்தத்துக்கான தண்டனையைக் குறைப்பது சுலபம்.

டோக்கியோவை மறந்துவிடக் கூடாது. 2021இல் அங்கே நடந்த நவீன ஐந்து விளையாட்டுப் போட்டியில், யாருக்கு எந்தக் குதிரை என்பது குலுக்கலில் வந்தது, பழகிக்கொள்ள இருபது நிமிடம் தந்தார்கள். முன்னணியில் இருந்த ஜெர்மன் வீராங்கனைக்கு வாய்த்தது செயின்ட் பாய். ஏற்கெனவே இன்னொரு வீராங்கனையிடம் தாண்ட மறுத்திருந்த குதிரை. அது நகர மறுக்கிறது, அவர் சேணத்தில் உட்கார்ந்து அழுகிறார், வேலிக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் "நல்லா அடி" என்று கத்துகிறார், கத்தியது போதாதென்று தானே முஷ்டியால் குதிரையைக் குத்துகிறார். இத்தனையும் நேரலை. பயிற்சியாளரை விலக்கினார்கள். பிறகு பாரிஸோடு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் வீரர்கள் தடைகளைத் தாங்களே ஏறித் தாங்களே தாண்ட வேண்டும். ஒலிம்பிக் வரலாற்றில் குதிரைகள் வாங்கிய ஒரே பதக்கம் இந்த விடுதலைதான். தாண்ட ஆசைப்படுகிறவன் தன் காலால் தாண்டட்டும் என்ற எளிய நீதி புரிய 1912லிருந்து நூறு வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அவன் விட்டுப்போன கிண்டி ரேஸ் கோர்ஸ் என்னாவது? 1974இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. ரேஸில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வரும் புருஷன்மாருக்காக வந்த சட்டம், அதில் குதிரைக்கு இடமில்லை. மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்காடியது. 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது குதிரையின் வேகமும் தாங்குதிறனும், அது பெற்ற பயிற்சியும், ஜாக்கியின் லாகவமும், ஆகவே இது அதிர்ஷ்டமல்ல, திறமை. ஆகவே சூதாட்டமல்ல. பார்த்தீர்களா, இந்திய நீதித்துறை குதிரையின் திறமையை மனதாரப் பாராட்டியிருக்கிறது. திறமை குதிரையுடையது, பரிசுப் பணம் முதலாளியுடையது, டிக்கெட்டுப் பணம் கிளப்புடையது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே பின்னாளில் ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகளும் கோர்ட்டுப் படியேறின. குதிரைக்குக் கிடைத்தது பாராட்டு.

கிண்டி மறுபடி செய்தியானது 2024 செப்டம்பரில். 160 ஏக்கருக்கும் மேலான அரசு நிலம், 1945லிருந்து தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை, வருட வாடகை 614 ரூபாய் 13 அணா. சென்னையில் ஒரு மான்ஷன் அறைக்கு ஒரு வாரத்துக்குக்கூட அது பத்தாது. பாக்கி 730 கோடி ரூபாய் என்று அரசு கணக்குப் போட்டு, குத்தகையை ரத்து செய்து, சீல் வைத்தது. ஊட்டியிலும் ரேஸ் கோர்ஸ் நிலம் அதே வருடம் கைப்பற்றப்பட்டது. சரியான காரியம், மறுக்கவில்லை. டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோரும் பேசினோம்: வாடகை, குளம், பூங்கா, வெள்ளநீர். இத்தனை பேச்சிலும் குதிரை ஒரு வாக்கியத்துக்குக்கூட எழுவாயாக வரவில்லை. 2017இல் காளைக்காக மெரினாவில் கூடியவர்கள் நாம். அதே மணலில் எலும்பு தெரிய நின்று குழந்தைகளைச் சுமக்கும் குதிரை எங்கிருந்து வந்தது, முன்பு எந்தப் பந்தயத்தில் யாருக்கு எத்தனை லட்சம் சம்பாதித்துக் கொடுத்தது என்று அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஊட்டிக்குப் போய்த் தெருக்குப்பையைக் கிளறும் குதிரையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

வாடகை பாக்கியை அணா சுத்தமாகக் கணக்கு எடுக்கத் தெரிந்த அரசுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கிண்டியிலும் ஊட்டியிலும் ஓடிய குதிரைகள் எத்தனை, அவற்றில் பந்தயத்திலும் பயிற்சியிலும் செத்தவை எத்தனை, ஓடி ஓய்ந்தவை யாருக்கு என்ன விலைக்குப் போயின, இன்று உயிரோடு இருக்கின்றனவா என்று ஒவ்வொரு குதிரையின் பெயரோடும் பட்டியல் வெளியிடச் சொல்லி கிளப்புகளுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். குதிரையின் அப்பன், பாட்டன் பெயரைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருப்பவர்கள் அவர்கள். அது எங்கே போனது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்போம். அரசு எழுதாவிட்டால் தகவல் உரிமைச் சட்ட மனு போட பத்து ரூபாய் போதும், நீங்களே போடுங்கள்.