அஞ்சு பேரு புராஜக்டும் ஒத்தைக் கிழவனும்

ஏலே மக்கா, இங்கன வா. கழுத்துல கிடக்க ஹெட்போனைக் கழத்தி அந்தத் திண்ணையில வையி. பெரியாளு பேசும்போதாவது காது காலியா இருக்கட்டும்.

ஆராய்ச்சி செய்யப் படிக்கேன்னியே, எங்கலே படிக்கன்னு கேட்டா ஃபோனைக் காட்டுத. காட்டு, காட்டு. நான் குத்தம் சொல்லல. 2003-ல ஐஐடிக்காரங்க என்பிடெல்னு இன்டர்நெட்டுப் பாடம் ஆரம்பிச்சாவ. 2017-ல டெல்லி சர்க்காரு ஸ்வயம் கொண்டாந்துது. நாங்குநேரியில எருமையை மேயவிட்டுக்கிட்டே மெட்ராஸ் ஐஐடி வாத்தியார் பாடத்தைக் கேக்கலாம். எங்க காலத்துல நடக்குமா? நல்ல காரியம்தான்.

ஆனா அந்த வாத்தியாரை நீ என்ன பாடு படுத்துத? ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விடுத. அந்த மனுசனுக்கு மூச்சு வாங்குது, உனக்குக் கொட்டாவி வருது. வாராவாரம் அசைன்மெண்டாம். விடை முந்துன நாளே டெலிகிராம்ல வந்திருதாம். அதுக்கு 25 மார்க்கு, பரீட்சைக்கு 75. இருபத்தஞ்சை ஓசியில வாங்கிட்டு, எழுபத்தஞ்சுக்கு நம்ம ஊரு வானமாமலைப் பெருமாளை வேண்டுத. அவருக்குத் தினமும் எண்ணெய்க்காப்புக்கே நேரம் சரியா இருக்கு. உன் கொஸ்டின் பேப்பரை எப்பம் பாப்பாரு?

சரி, உன் குரூப் புராஜக்ட்டுக்கு வருவோம். அட்டையில அஞ்சு பேரு. ஒருத்தன் எழுதுதான். ஒருத்தன் பிபிடிக்குக் கலர் பாக்கான். ஒருத்தன் பிரிண்ட் எடுக்கக் காசு குடுக்கான். ஒருத்தன் வாட்ஸ்அப்புல எதுக்கெடுத்தாலும் கட்டைவிரலைத் தூக்குதான். அஞ்சாமத்தவன் வைவா அன்னைக்குக் காலையில வந்து, ‘மாப்ள, நம்ம தலைப்பு என்னல?’ன்னு கேக்கான். மார்க்கு மட்டும் அஞ்சு பேருக்கும் ஒண்ணுபோல. எந்த ஊரு நியாயம்லே இது?

தலைப்பு பெரிய தலைப்புதான். ‘மணிமுத்தாறு பாசனத்தில் கடைமடை விவசாயிகளின் சிக்கல்கள்.’ படிக்கையில எனக்கே நெஞ்சு நிமிந்துது. விவசாயியை எங்க பாத்தன்னு கேட்டா, ‘கூகுள் ஃபார்ம் அனுப்புனேன் தாத்தா’ங்க. யாருக்குல அனுப்புன? கிளாஸ் குரூப்புக்கு. பதில் சொன்ன நூறு விவசாயியும் உன் ஹாஸ்டல் பயலுவ. ‘விவசாயத்தில் எத்தனை ஆண்டு அனுபவம்?’னு கேட்டதுக்கு ஒரு பய 15-னு போட்டிருக்கான். அவனுக்கு வயசு 19. நாலு வயசுலயே ஏரு புடிச்சானோ? நீ அதையும் சேத்து, சராசரி எடுத்து, வட்டம் வட்டமாக் கலர் அடிச்சு வச்சிருக்க. வயக்காட்டுச் சேறு கால்ல ஒட்டாம வெள்ளாமையைப் பத்தி எழுபது பக்கம்!

அதுலயும் எழுத்து உன்னுதா? யுஜிசி 2018-ல ஒரு சட்டம் போட்டுது. ஆய்வேட்டுல பிறத்தியான் எழுத்தோட ஒத்துப்போறது நூத்துக்குப் பத்துக்குள்ள இருந்தாத் தண்டனை இல்ல. அறுபதைத் தாண்டினாப் பதிவே ரத்து. உடனே நம்ம பயலுவ என்ன படிச்சாவ? சொந்தமா எழுதவா? மெசினை ஏமாத்தல்லா படிச்சாவ! ‘விவசாயி’யை ‘உழவர்’ ஆக்குதான், ‘தண்ணீரை’ ‘நீர்’ ஆக்குதான். திருடுன மாட்டுக்குக் கொம்புல வர்ணம் அடிச்சா மாடு உன்னுதாயிருமால? இப்பம் சாட்ஜிபிடி வந்த பொறவு அந்த வேலையும் மிச்சம். இல்லாத புத்தகத்துக்கும் அது ஆசிரியர் பேரு, வருசம், பக்கம் எல்லாம் சொல்லும். நீயும் பயபக்தியா அடிக்குறிப்புல போட்டுருவ.

குரூப்பாச் சேந்து ஆராய்ச்சி பண்ணுதது அமெரிக்காவுல இருந்து வந்த புதுசுன்னா நெனைக்க? நம்ம ஊருப் பேரைக் கேளு. நா. வானமாமலை. 1917-ல இதே நாங்குநேரியில பொறந்தவரு. பல்கலைக்கழக உத்தியோகம் இல்ல. பாளையங்கோட்டையில டுடோரியல் நடத்துனாரு. அபிஷேகப்பட்டியில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990-ல. இவரு 1980-லயே காலமாயிட்டாரு. பல்கலைக்கழகம் வரதுக்கு முந்தியே ‘நெல்லை ஆய்வுக் குழு’ன்னு ஒண்ணை உண்டாக்கிட்டாரு. கூடி உக்காந்து ஒருத்தர் கட்டுரை வாசிப்பாரு. மத்தவங்க கேள்வி கேப்பாவ. மியூட்டுப் போட்டு ஒளியுத வசதியெல்லாம் கிடையாது. அந்தக் கட்டுரைங்க வரதுக்குன்னு 1969-ல ‘ஆராய்ச்சி’ன்னே ஒரு பத்திரிகையும் தொடங்குனாரு. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில பேராசிரியரா இருந்த ஆ. சிவசுப்பிரமணியன் மாதிரி ஆளுங்க அந்தக் கூட்டத்துல வளந்தவங்கதான்.

வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ புத்தகத்தைப் பாரு. பாட்டுக்குக் கீழ என்ன இருக்கும்? சேகரிச்சவர் யாரு, எந்த ஊரு, வட்டாரச் சொல்லுக்கு என்ன அர்த்தம். எஸ்.எஸ். போத்தையா கொண்டாந்த பாட்டுன்னா போத்தையா பேரு. இன்னொருத்தர் கொண்டாந்ததுன்னா அவரு பேரு. தொகுத்தவரு எல்லாத்தையும் தன் பேருக்குள்ள முழுங்கல. ஊரைச் சுத்தாதவன் பேரு சும்மா வந்து ஒட்டிக்கிடவும் வழி இல்ல. யாரு கேட்டது, எங்க கேட்டது, சொன்னதுக்கு என்ன பொருள்? ஆராய்ச்சின்னா அடிப்படை இம்புட்டுத்தாம்லே. அந்தப் புத்தகம் இன்டர்நெட்டுல சும்மாவே கிடைக்கு. அதைத் தேடத்தான் ஃபோனு.

இனி ஒரு வழி சொல்லுதேன், கேளு. அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு குளத்தைப் புடிங்க. நம்ம பக்கத்துக் குளங்களுக்கு மணிமுத்தாத்துத் தண்ணி கால்வாயோட மூணாம் ரீச்சு, நாலாம் ரீச்சு வழியா வரணும். எந்த வருசம் வந்துது, எந்த வருசம் வரல? எந்த இடத்தோட நின்னுது? மடை திறக்கவரு என்ன சொல்லுதாரு, நீர்வளத்துறை ரெக்கார்டு என்ன சொல்லுது? ரெண்டும் ஒத்து வரலைன்னா சந்தோசப்படு. அங்கனதான் உன் ஆராய்ச்சியே ஆரம்பிக்கு. கலெக்டர் ஆபீசுல மாசாமாசம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கு. ஒரு மூலையில போயி உக்காரு. நீ இருபது கேள்வி தயார் பண்ணியிருப்ப. அங்க இருக்கவங்க நீ நெனைச்சே பாக்காத இருபத்தோராவது கேள்வியைக் கேப்பாவ.

ராத்திரி வீட்டுக்கு வந்து ஃபோனை எடு. ஷோத்கங்காவுல தேடு, உனக்கு முன்னால எவன் இதைப் பத்தி ஆய்வேடு எழுதியிருக்கான்னு. ஐஐடி வாத்தியாரைக் கூப்பிடு. மெதுவா ஓட விட்டு, கணக்கை எப்படிப் போடணும்னு கத்துக்கோ. கையில சரக்கு இருக்கவனுக்குத்தான்லே அவரு சொல்லுதது காதுல ஏறும்.

கடைசியா ஒண்ணு. அட்டையில அஞ்சு பேரையும் போட்டுக்கோ. உள்ள ஒவ்வொரு பகுதிக்குக் கீழயும் அதுக்காக அலைஞ்சவன் பேரைப் போடு. உள்ள எங்கயும் பேரு வராதவனுக்கு மார்க்கு வேண்டாம்னு நீங்களே வாத்தியார்கிட்டப் போயிச் சொல்லுங்க. அதுக்குத் தைரியம் இருந்தா நீ ஆராய்ச்சி மாணவன். இல்லைன்னா வெறும் வாட்ஸ்அப் அட்மின்தாம்லே.