எட்டு இட்லியும் எனர்ஜி இல்லாத பேரனும்

ஏல பேராண்டி, எந்திரிக்க வேண்டாம், படுத்துக்கிட்டே கேளு. எட்டு இட்லிய உள்ள தள்ளிட்டு, 'உடம்புல எனர்ஜியே இல்ல தாத்தா'ன்னு சொன்ன பாரு, அதக் கேட்டதுல இருந்து எனக்குக் கவலையாக் கெடக்கு. தின்ன இட்லி எங்கல போச்சு?

நான் பள்ளிக்கூட லேபுல 31 வருசம் அட்டெண்டர். வாத்தியார் பாடம் நடத்துவாரு, பயலுவ தூங்குவானுவ, நான் குடுவையக் கழுவிக்கிட்டே கேட்டுக்கிடுவேன். செல் சுவாசம் பாடத்த 31 தடவ கேட்டாச்சு, பரீட்சதான் ஒரு தடவகூட எழுதல. நீ அதுக்கு நேர் எதிரு.

இட்லியில இருக்க மாவுச்சத்து குளுக்கோசா உடஞ்சு, ரத்தத்துல ஓடி, செல்லுக்குள்ள நுழையும். நுழஞ்ச உடனே செல்லு அதும்மேல ஒரு பாஸ்பேட்ட ஒட்டிரும். சந்தையில வாங்குன ஆட்டுக்குச் சாயம் பூசுதோம்லா, அதே வேலதான். சாயம் பட்ட ஆடு அப்புறம் வெளிய போவாது. அந்தப் பாஸ்பேட்டு ஓசியில வரல, ஏ.டி.பி.ங்கிற சில்லறக் காசுல இருந்து வருது. 2 காசு முதல் போட்டு, பத்துப் படியில குளுக்கோச ரெண்டு பைருவேட்டாப் பொளந்து, 4 காசு எடுக்கும். கையில நிக்கது 2.

அந்தக் காசக் கண்டுபிடிச்சது 1929ல. ஜெர்மனியில லோமன் ஒரு பக்கம், ஹார்வர்டுல ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் இன்னொரு பக்கம். சுப்பாராவ் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுல படிச்சவரு. கதர் உடுத்துனாருன்னு வாத்தியாருக்குக் கோவம். முழுப் பட்டம் கொடுக்காம, எல்.எம்.எஸ்.னு கொறஞ்ச பட்டத்தக் கொடுத்து அனுப்பிட்டாவ. நீ மூணு நாளா ஒரே கைலியில கெடக்க, ஒனக்கு என்ன கொடுப்பாவளோ.

இதுவரைக்கும் ஆக்சிஜனே தேவையில்ல. பனையில கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவாம விட்டா, ஈஸ்ட்டு பதனியில இருக்க சர்க்கரைய இந்த வழியிலதான் உடைக்கும். மிச்சம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, உங்க ஆச்சி பக்கத்துல நிக்கா.

நம்ம செல்லு அந்த 2 காசோட அடங்காது. பைருவேட்ட மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள தள்ளும். ஒரு பிடி சீனிய நெருப்புல போட்டா குப்புன்னு எரிஞ்சு போவும். இங்க அந்த அவசரமே கெடையாது. கார்பன ஒண்ணொண்ணாக் கழத்தி, நீ விடுத மூச்சுல கார்பன் டை ஆக்சைடா அனுப்பும். எலெக்ட்ரானக் கை மாத்திக் கை மாத்திக் கடைசியா ஆக்சிஜன் கையில கொடுக்க, அது தண்ணியாயிரும். அந்தக் கை மாத்துதலுல புரோட்டான்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் குமியும். குமிஞ்சது திரும்பி வர முக்கியமான வழி, குட்டியா ஒரு செக்கு. புரோட்டான் நெருக்கித் தள்ளத் தள்ள அது சுத்தும், ஒரு சுத்துக்கு 3 காசு விழும். நொடிக்கு நூறு சுத்துக்கு மேலயும் சுத்தும்ல! மாடும் கெடையாது, சாட்டையும் கெடையாது.

எங்க காலத்துல ஒரு குளுக்கோசுக்கு 38 காசுன்னு சொல்லிக் கொடுத்தாவ. இப்ப 30, 32ங்காவ. மிச்சத்த எவனும் அமுக்கல. புரோட்டான் கொஞ்சம் சுவர்ல கசியுது, கொஞ்சம் ஏத்துக்கூலி எறக்குக்கூலியில போவுது.

இப்ப ஒன் வழக்குக்கு வாரேன். காசு ஒடம்புல ஒரு நேரத்துல கைப்பிடி அளவுதான் இருக்கும். அதையே அடிச்சு அடிச்சுப் புழங்குததுல, ஒரு நாளைக்கு ஒன் எடைக்குப் பக்கமாக் கணக்கு வந்துரும். செலவழிச்சாத்தான் புதுசு அடிக்கும். செலவில்லாமத் தேங்குச்சோ, மூணாம் படியில பாஸ்போபிரக்டோகைனேசுன்னு ஒரு வாசக்காரன் நிக்கான், அவன் கையப் பிடிச்சு ஏ.டி.பி.யே 'பொறுடே, சரக்கு விக்கல'ன்னு சொல்லிரும். அவன் கதவ ஒருச்சாச்சிருவான். மிஞ்சுன குளுக்கோசு கிளைக்கோஜனாப் போவும், அங்கயும் எடம் இல்லன்னா கொழுப்பு. வயித்தத் தடவிப் பாரு, நேத்து இட்லி ஆப்புடும்.

கொட்டில்ல மாடு தண்ணிக்குக் கத்துது. ரெண்டு கொடம், ஒரே நடை. மூச்சு வாங்குதுன்னு பாதியில எறக்கிராத. காத்து பத்தலன்னா தசை பைருவேட்ட லாக்டேட்டாக்கிச் சமாளிச்சுக்கிடும், ஈரல் அத வாங்கித் திரும்பக் குளுக்கோசாக்கிரும்.

என்னது, காலு வலிக்கா? நீ இன்னும் கட்டில விட்டே எறங்கலயேல!