இருபது மெஷின் இடம்

திருப்பூரில் ஓர் அறைக்கு நீள அகலம் கிடையாது, மெஷின் கணக்குதான். அப்பாரு காலத்து வீட்டைப் புதுப்பித்து முடித்ததும் பார்க்க வந்த சொந்தபந்தத்தில் ஒருவர்கூடத் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கவில்லை. நேரே பின்கட்டு வண்டிக் கொட்டகைக்குள் போனார்கள். அண்ணாந்து பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள். "ஏனுங் மாப்ள, ஓவர்லாக்கும் பேட்லாக்குமா இருபது மெஷின் தாராளமாப் போடலாமுங்களே, சும்மாவா கெடக்குது?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள்.

தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் ஆசாரம், மேலே மங்களூர் ஓடு. எந்த வருசம் கட்டியது என்பதற்குக் காகிதம் இல்லை. காந்தி வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார் என்ற வாய்மொழிச் சாட்சியம் மட்டும் உண்டு. கதர் வேலையாகக் காந்தி திருப்பூருக்கு வந்ததென்னவோ நிஜம். 1925ல் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் நடந்தது. ஆனால் ஊரில் மிச்சமிருக்கும் எல்லாப் பழைய திண்ணைகளும் இதே மோரைச் சொல்கின்றன. அவர் பசும்பாலும் எருமைப்பாலும் தொடுவதில்லை என்று சபதம் எடுத்து ஆட்டுப்பால் குடித்தவராயிற்றே என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "நானு ஆட்டு மோருன்னுதான சொன்னேன்" என்றார், கண்ணிமைக்காமல்.

கொட்டகைக்கு மட்டும் இப்படிப் பொய்ச்சாட்சி தேவைப்படவில்லை. தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய்வரும் சவாரி வண்டி அதில் நின்றது, பக்கத்தில் காங்கேயம் காளைகள். வண்டியின் கூண்டு இடிக்கக் கூடாதென்று வாசலையும் கூரையையும் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். காளைகளை விற்ற பிறகு அந்த உயரம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. வட்டமாகச் சுற்றித் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின், தலைக்கு மேல் நூல் கோன்களையும் ஏந்திக்கொண்டு நிற்பது. தணிந்த கூரைக்குள் அது நுழையாது. வண்டிக் கூண்டு நுழைந்த இடத்தில் நுழைந்தது. 1970களின் பிற்பகுதியில் இத்தாலிக்காரர்கள் சரக்குக் கேட்டு வரத் தொடங்கினார்கள். அப்புறம் ஊரில் கூரை இருந்ததெல்லாம் கம்பெனி. உழவிலிருந்து பனியனுக்கு வந்த எங்கள் பக்கத்து முதலாளிகளைப் பற்றி சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். உழைப்புதான் எங்கள் மூலதனம் என்று அவர்கள் சொன்னதை அதில் அலசுகிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் காளைகள் உழைத்தன, பிறகு டெய்லர்கள் உழைத்தார்கள், அப்பாரு நோட்டுப் போட்டு எழுதிவைத்தார்.

புதுப்பிக்க வந்த ஆர்க்கிடெக்ட் சென்னைக்காரர். லண்டனில் பெரிய வீடுகளின் பின்சந்தில், கீழே குதிரை, மேலே வண்டிக்காரன் என்று இருந்த லாயங்கள் இன்று கொள்ளை விலைக்குப் போவதைப் படம் காட்டி விளக்கினார். குதிரைக்கு அவ்வளவு என்றால் காங்கேயத்துக்கு எவ்வளவு என்று சித்தப்பா மனக்கணக்குப் போட ஆரம்பித்தது அப்போதுதான். சிமென்ட் கூடவே கூடாது, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துத்தான் பூச வேண்டும் என்றார் ஆர்க்கிடெக்ட். வெல்லம் ஊறிய நாளில் ஊர் எறும்பெல்லாம் வந்து சேர்ந்தது. "இதுக்குப் பாயாசமே வச்சிருக்கலாமுங்க" என்றார் கொத்தனார்.

பழைய பூச்சைச் சுரண்டினபோது சுவரில் வரிசையாக எண்கள் தெரிந்தன: 75, 80, 85, 90. ஆர்க்கிடெக்ட் பரவசமாகிவிட்டார். அந்தக் காலத்துத் தச்சர் உத்தரத்துக்கு வைத்த அளவுக் குறி என்று படமெடுத்து யாருக்கோ அனுப்பினார். அடுக்கிவைத்த பனியனுக்கு நேராக எழுதிய சைஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொத்தனார் சொல்லிவிட்டார். ஆர்க்கிடெக்டின் முகம், முதல் துவைப்பிலேயே சுருங்கிய பனியன்போல் ஆனது. உடனே அவற்றை அழித்து "ஒரிஜினல்" நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

எது ஒரிஜினல் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. அந்தக் கொட்டகையில் காளை நின்றதைவிட மெஷின் ஓடிய காலம் அதிகம். சாணி வாசத்தைப் பாரம்பரியம் என்கிறவர், மெஷின் ஆயில் வாசத்தைக் கறை என்பது என்ன நியாயம்? எங்கள் படிப்பு, கல்யாணம், இந்த வெல்லம் உட்பட எல்லாம் 75, 80, 85, 90 கொடுத்த காசு. வாதாடி எண்களைக் காப்பாற்றினேன். பதிலுக்கு, சுவரில் ஒரு வண்டிச் சக்கரம் மாட்ட ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எங்கள் சக்கரம் என்றைக்கோ விறகாகிவிட்டதால், காரைக்குடியில் யார் வீட்டுச் சக்கரத்தையோ வாங்கிவந்து மாட்டினோம்.

இப்போது அது விருந்தினர் அறை. விருந்தினர்தான் இல்லை. ஷிப்மென்ட் தள்ளிப்போச்சு, ரெண்டே நாள் என்று அத்தை மகன் இறக்கிய அட்டைப்பெட்டிகள் கூரையை எட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த உயரம் எவ்வளவு தோது என்று அவனும் வியந்தான். ஏதோ பத்திரிகைக்குப் படமெடுக்க ஆர்க்கிடெக்ட் அடுத்த வாரம் வருகிறார், வண்டிக்கு முன்னால் கொஞ்சம் வைக்கோல் பரப்பினால் பழைய களை வரும் என்று போனில் சொன்னார். வண்டியும் இல்லை, வைக்கோலும் இல்லை, பெட்டியையாவது எடு என்று அத்தை மகனிடம் கெஞ்சினேன்.

"பெட்டி இருந்துட்டுப் போகட்டுமுங் மாப்ள" என்றான். "வைக்கோல் போட்டு மூடிப்போடலாம். நம்முகிட்ட மஞ்சக் கலர்ல கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை கெடக்குதுங்க."