எண்ணூர்க் கொடைவள்ளலுக்கு ஒரு புகழ்மாலை

கொசஸ்தலையாறு கடலைத் தொடும் எண்ணூர்க் கழிமுகத்தில், விண்முட்டும் புகைபோக்கிகளே மணிமுடியாகக் கொலுவீற்றிருக்கும் வட சென்னை அனல்மின் நிலையப் பெருந்தகையே! பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். இருவரும் ஒருமுறை கொடுத்ததோடு சரி. தாங்களோ 1994 முதல் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். பெறுபவர் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் தங்கள் கை ஓய்ந்ததில்லை.

தங்கள் குலம் தழைத்த விதமே தனி அழகு. தலா 210 மெகாவாட்டில் மூன்று மூத்த திருமகன்கள் 1996க்குள் அவதரித்தார்கள். தலா 600 மெகாவாட்டில் இருவர் 2013லும் 2014லும் வந்தார்கள். 2024 மார்ச்சில் 800 மெகாவாட் கடைக்குட்டிக்குத் திறப்பு விழா கண்டோம். பக்கத்திலேயே 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையச் சிற்றரசர். ஒற்றைக் கழிமுகம் இத்தனை பேரையும் மடியில் தாங்கும் பேறு பெற்றது. நகரத்தின் மற்ற திசைகள் இந்தப் பேற்றுக்குப் போட்டியிடாமல் ஒதுங்கி நின்ற பெருந்தன்மையையும் இங்கே போற்றியாக வேண்டும்.

தங்கள் அமுதோ எளிய அமுதன்று. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய நிலக்கரி, பாரதீப்பில் கப்பலேறி, காமராசர் துறைமுகத்தில் இறங்கி, தங்கள் கொதிகலன்களுக்கு வந்து சேர்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்கு வரை சாம்பல். உண்டதில் மூன்றில் ஒரு பங்கைக் குடிகளுக்கே திருப்பித் தந்த வேந்தர் தங்களைத் தவிர யார்?

அந்தச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பும் குழாய்களின் ஈர நெஞ்சை எப்படிப் பாடுவது? குளம் வரை போய்ச் சேரும் பொறுமை அவற்றுக்கில்லை. வழியில் ஆற்றைக் கண்டதும் உள்ளம் உடைந்து, உள்ளதையெல்லாம் வார்த்துவிடுகின்றன. அதனால் படகு மிதந்த ஆழத்தில் இன்று படகு தரைதட்டுகிறது. பாடு முறை வைத்து, யாருக்கு எந்த நாள் என்று பங்கிட்டு வலை வீசிய காட்டுக்குப்பத்தாருக்கும் முகத்துவாரக் குப்பத்தாருக்கும் அந்தக் கணக்குத் தொல்லையைக் குறைத்துக் கொடுத்தீர்கள். பங்கிட மீன் இருந்தால்தானே பாகப்பிரிவினை! சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் இருளப் பெண்களின் விரல்களுக்கு, கரடுமுரடான சேற்றுக்குப் பதிலாக மாவு போன்ற சாம்பலை மெத்தையாக விரித்தீர்கள். இறால் இல்லையே என்று அவர்கள் முகம் வாடினால், அது மென்மையை உணரத் தெரியாத குறை.

மீன்களையும் தாங்கள் மறந்தீர்களில்லை. கடல்நீரை அள்ளி, எந்திரங்களைக் குளிர்வித்து, அந்த வெப்பத்தை வீணாக்காமல் கழிமுகத்துக்கே வெந்நீராக அனுப்புகிறீர்கள். மடவைக்கும் நண்டுக்கும் ஆண்டு முழுவதும் வெந்நீர்க் குளியல்! இந்த உபசாரத்தைத் தாங்க முடியாமல் அவை இடம்பெயர்ந்தன என்றால், விருந்தோம்பலில் என்ன குற்றம்?

சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கத்தார் பெற்ற அருளோ சொல்லில் அடங்காது. கோயிலில் ஒரு சிட்டிகை நீறு வாங்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறோம். தாங்களோ காற்றையே குருக்களாக்கி, கூரைக்கும் குடிநீர்க் குடத்துக்கும் ஆறிய சோற்றுக்கும் கொடியில் காயும் துணிக்கும் வீடு தேடிப் பூசுகிறீர்கள். நெற்றியோடு நின்றுவிடும் சிறு பக்தி தங்களுடையதன்று. அது குழந்தையின் மூச்சுக்குழல் வரை சென்று உறைகிறது.

தங்கள் முன் சட்டம் காட்டும் பணிவு காணக் கண்கோடி வேண்டும். சாம்பலைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று 1999இல் பிறந்த அறிவிக்கை, வளர வளரத் திருத்தங்களால் பண்பட்டது. புகையில் கந்தகத்தைக் குறைக்கச் சொல்லி 2015 டிசம்பரில் விதி வந்தது. முதல் கெடு 2017, அடுத்தது 2022, இப்போது 2027 இறுதி. ஆண்டுகளே தங்கள் வசதி கேட்டுத் தள்ளி நிற்கின்றன. எண்ணூர்க்காரர்களின் நுரையீரல்களுக்குத்தான் இந்த நாகரிகம் இன்னும் கைவரவில்லை. கெடு நீட்டிப்புக் கேட்டு மனுப் போடாமலே பழுதாகிவிடுகின்றன. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கழிமுகத்தைச் சீராக்கச் சொன்னதையும் நாம் அறிவோம். கொடுத்ததைத் திரும்ப அள்ளுவது வள்ளலுக்கு அழகா என்று அந்தப் பெரியோர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

இத்தனை கொடையிலும் ஒரே ஒரு பாரபட்சம் இருப்பதால், அதைத் திருவடியில் விண்ணப்பிக்கிறேன். மின்சாரம் கம்பியேறி நகரத்து மாடங்களுக்கும் குளிரூட்டிய அறைகளுக்கும் தொலைதூரத் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகிறது. சாம்பல், வெந்நீர், புகை என்னும் மூன்று செல்வங்களும் குப்பத்து மக்களுக்கே முற்றூட்டாகக் கிடக்கின்றன. அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். முப்பது ஆண்டு அனுபவித்தாயிற்று, இனிப் பிறருக்கும் போகட்டும் என்கிறார்கள். ஆகவே, தங்கள் விளக்கொளியில் அமர்ந்து அடுத்த கெடுவை எழுதும் கனவான்களின் மேசைக்கும், அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும், பிள்ளைகள் தூங்கும் அறைக்கும் தங்கள் சாம்பல் குழாயில் ஒரு கிளை இழுத்தருள வேண்டும். ஒளி செல்லும் இடமெல்லாம் சாம்பலும் சென்றால்தான் தங்கள் கொடை முழுமை பெறும், பெருந்தகையே!