முல்லைக்கு விட்ட தேர்: வேங்கிக்காலில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவதன் வரவு செலவு குறித்து

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததைத் தமிழுலகம் தொன்றுதொட்டுக் கருணைக் கணக்கிலேயே எழுதி வருகிறது. சிறுபாணாற்றுப்படை புகழ்கிறது, பள்ளிக்கூடத்தில் நாமும் புகழ்ந்து இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தத் தேர் என்ன நிலையில் இருந்தது என்று கேட்பாரில்லை. கொடிக்கும் ஒரு குணம் உண்டு: ஓடுகிற வண்டியில் அது ஏறாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற வண்டியாகப் பார்த்துத்தான் ஏறும். ஆகவே நம் கருதுகோள் இது: பாரியின் தேர் பாதி வேலையில் நின்றுபோன தேர், அவன் பறம்பு நாட்டுக் கருவூலத்தில் கணக்கு இடித்திருக்கிறது.

இதை நிறுவுவதற்கான ஆய்வுக்களம் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர்; திங்கள்தோறும் மனுவோடு வரும் கூட்டத்தைப் பார்த்துப் பழகியது; படிவம் என்றால் பயப்படாதது. இங்கே என் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கட்டப்பட்டு வருகிறது. ‘வருகிறது’ என்ற சொல்லை இலக்கணத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

சொந்தமாகக் கார் கட்டுகிறவர் எஞ்சின் வார்ப்பதில்லை. ஒரு பழைய காரை வாங்கிப் பிரித்து, அதன் எஞ்சின், கியர் பெட்டி, அச்சு இவற்றைப் புதுச் சட்டத்தில் பொருத்துவார். பிரிபடுகிற அந்தப் பழைய காருக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘டோனர்’. வள்ளல் வண்டி என்க. வள்ளல்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. தெற்கே திருக்கோவலூரில் மலையமான் திருமுடிக்காரி தேர்களை வாரி வழங்கியே பேர் வாங்கினான். அவனுக்கும் காரி என்று பெயர், அவன் குதிரைக்கும் காரி என்று பெயர். கார் என்ற சொல்லே இங்கிருந்துதான் போனது என்று வாதிட ஆசை எழுகிறது. ஆய்வு நெறி கருதி அடக்கிக்கொள்கிறோம். பாரியையும் காரியையும் பாடியவர் ஒரே கபிலர் என்பதை மட்டும் குறித்துவைப்போம். வாகன நன்கொடைத் துறையில் அவர்தான் முதல் நிருபர்.

இனிப் பொருளாதாரம். திட்டமிட்ட செலவுக்குள் முடிந்த வண்டி என்று நம் பண்பாட்டில் ஒன்றைத்தான் அறுதியிட்டுச் சொல்ல முடியும். அது நொங்கு வண்டி. இரண்டு நொங்குக் கூந்தல், நடுவே அச்சாக ஒரு குச்சி, தள்ளுவதற்கு நுனி கவட்டையான ஒரு கம்பு. செலவு பூஜ்யம். ஏன்? சக்கரத்தின் விலையை ஏற்கெனவே தின்று தீர்த்தாகிவிட்டது. வீட்டில் கட்டும் வாகனத்தின் அடிப்படை விதி இதில் அடங்கியிருக்கிறது: தின்றது போக மிஞ்சியதில்தான் வண்டி கட்டலாம்.

இங்கிலாந்துக்காரர்கள் இதே விதியைப் பனைமரம் இல்லாமல் கண்டுபிடித்தார்கள். 1957-ல் காலின் சாப்மேன் லோட்டஸ் செவன் என்ற எலும்புக்கூட்டுக் காரைக் கொண்டுவந்தார். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி. உதிரியாக வாங்கி வீட்டில் கோத்துக்கொண்டால் வரி மிச்சம். கோப்பது எப்படி என்று காகிதம் கொடுத்தால் வரிக்காரர் விடமாட்டார் என்பதால், பிரிப்பது எப்படி என்று எழுதிக் கொடுத்து, கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்களாம். செவன்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது, ஆசை போகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு புத்தகமே போட்டார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 14,000 ரூபாய். பழைய ஃபோர்டு எஸ்கார்ட்தான் வள்ளல்.

இதைப் படித்துத்தான் நான் கெட்டேன். அந்த 250 பவுண்டுக்குப் பின்னால் ஒரு பருவநிலை ஒளிந்திருப்பது பிறகுதான் உறைத்தது. அங்கே குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு தகரத்தைத் தின்கிறது. உடம்பு இற்றுப்போய் வருடாந்தரச் சோதனையில் தோற்கிற கார், எஞ்சின் மட்டும் கல்லுப்போல நிற்க, அடிமாட்டு விலைக்கு வரும். நொங்கு தின்றாகிவிட்டது, கூந்தல் கிடைக்கிறது. திருவண்ணாமலையில் கொட்டுவது வெயில்தான். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்றும் மூன்றாவது கை, நான்காவது கை என்று மாறி, டிரைவிங் ஸ்கூல் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கிற வள்ளலிடம் எலும்பு கேட்க முடியுமா? நான் கேட்டேன். ஓடுகிற காரின் விலை கொடுத்து வாங்கி, ஓடாத காராக்கினேன். திட்டத்தின் முதல் சாதனை அது.

சட்டம் அடுத்தது. ஆண்டவன் சட்டம், அரசாங்கச் சட்டம் இரண்டையும் பிறகு பார்ப்போம். இது இரும்புச் சட்டம். சாம்பியன் சொன்னபடி ஒரு இஞ்ச் சதுரக் குழாய், 16 கேஜ். பட்டறையில் போய்ச் சொன்னேன். வெல்டிங்காரர் அளவைக் குறித்துக்கொண்டு, “சரி சார், கீல் எந்தப் பக்கம் வைக்கட்டும்?” என்றார். வேங்கிக்காலில் அந்தக் குழாயில் அடிப்பது வாசல் கேட்டு மட்டுமே. கார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அப்போ தாழ்ப்பாள் வேணாமா?”

அரசாங்கச் சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்துக் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சரி, இது மாற்றிய மாருதி அல்ல, புது வண்டி என்று வாதிட்டால் நான் தயாரிப்பாளர் ஆகிறேன். தயாரிப்பாளர் என்றால் விதி 126-ன்படி மாதிரி வண்டியைச் சோதனைக்குத் தர வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 6 புகை அளவு வேறு. புது மாடல் கார் என்றால் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதியும் காட்ட வேண்டும். கட்டுவது ஒன்று, அதையும் மோதக் கொடுத்துவிட்டால் ஓட்டுவது எதை? எனவே ஒரு கார் வேண்டுமென்றால் இரண்டு கட்ட வேண்டும் என்று வரவு செலவில் திருத்தம் செய்யப்பட்டது.

ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அண்ணாமலையாரின் பெரிய தேர் மாட வீதியைச் சுற்றி வருகிறது. எஞ்சின் வடம் பிடிப்பவர்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் முட்டுக்கட்டை. ஆர்.சி. புக் கேட்பாரில்லை.

மனிதர் செய்து காட்டாத வேலையும் அல்ல இது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் அதே மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது அந்த வகைக் காரில்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பந்தயக் கார் தடத்துக்குள் ஓடுகிற வரை பதிவெண் வேண்டியதில்லை. நானும் அங்கே கொண்டுபோகலாம். கொண்டுபோக லாரி வேண்டும். லாரி வாடகையை நோட்டில் ஏற்றியதும் 40 பக்க நோட்டு தீர்ந்து 80 பக்க நோட்டு வாங்கினேன். அதன் விலையும் அதன் முதல் பக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. டீச் செலவுக்குத் தனி நோட்டு.

நோட்டு முழுக்கச் செலவுப் பத்திதான். வரவுப் பத்தி கோடு போட்டபடி வெறுமையாகக் கிடந்தது. போன ஐப்பசி மழைக்கு முன்னால் அம்மா கொட்டகை ஓரத்தில் ஒரு முல்லைப் பதியன் வைத்தார். பந்தல் போட ஆள் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் சொல்வதை நிறுத்திவிட்டார். கொடி முதலில் ஸ்டியரிங் வரவேண்டிய துளையில் நுழைந்து, பக்கவாட்டுக் குழாயைச் சுற்றி, இப்போது ஓட்டுநர் இருக்கைக்கான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு இஞ்ச் குழாய் அதன் பிடிக்கு மிகச் சரியான அளவு என்பதைக் கபிலர் தவறவிட்டிருக்கிறார்.

நேற்று வரவுப் பத்தியில் முதல் பதிவு: முல்லை, இரண்டு முழம்.