டிவிடெண்ட் 12 சதவீதமா?

கேள்வி: 'டிவிடெண்ட் யீல்டு 12 சதவீதம்' என்று காட்டும் பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்து வாங்குங்கள்! ஓராண்டு டிவிடெண்டைப் பங்கின் இன்றைய விலையால் வகுத்தால் வரும் சதவீதமே யீல்டு. 100 ரூபாய்ப் பங்கு 6 ரூபாய் தந்தால் 6 சதவீதம். விலை 50-க்குச் சரிந்தால் அதுவே 12. பங்கு படுத்தால் யீல்டு எழுந்து நிற்கும்! ஆகவே பல ஆண்டு வரலாற்றைப் பாருங்கள். வேதாந்தா நிறுவனம் 2022-23 நிதியாண்டில் பங்குக்கு 101.50 ரூபாய் தந்தது. அடுத்த நிதியாண்டில் 29.50 ரூபாய்தான். லாபத்திலிருந்து தருகிறார்களா, கடனை ஏற்றிக்கொண்டு தருகிறார்களா என்றும் கவனியுங்கள். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. கறவை மாடு வாங்குபவர் ஒரு வேளைப் பாலை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.