வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு விண்ணப்பப் படிவம் வேண்டி

பெறுநர்:
இழப்பீட்டுப் பிரிவு மேலாளர் அவர்கள்,
என் வீட்டுக் காப்பீட்டு நிறுவனம், சென்னை.

பொருள்: தண்ணீரை வகை பிரித்து வரச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் என் தரைத்தள வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் குறித்துத் தங்கள் சர்வேயர் எழுதிய அறிக்கை கிடைத்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கீழே உள்ள ஈரம் வெள்ளத்தால் வந்ததாம், பணம் உண்டு. அதற்கு மேலே உள்ளது மாடிக் குளியலறைக் கசிவாம், பணம் இல்லை. எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள்கூட இவ்வளவு சுமுகமாகப் பாகம் பிரித்ததில்லை.

பாலிசி வாங்கும்போது, "தண்ணியா? எல்லாமே கவர் ஆகும் சார்" என்றார் தங்கள் முகவர். அவர் சொன்ன 'எல்லாமே' எது என்று அறிய, 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியை இப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். புயல், வெள்ளம் உண்டு. தொட்டியோ குழாயோ வெடித்தாலும் நிரம்பி வழிந்தாலும் உண்டு. எரிமலைச் சீற்றமும் ஏவுகணைச் சோதனையும்கூட உண்டு. எங்கள் வேளச்சேரி தண்டீசுவரம் பக்கம் எரிமலை வெடித்தால் நான் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் மாடியிலிருந்து மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் அந்தப் பட்டியலில் இல்லை. அடக்கமாக வந்ததுதான் அது செய்த குற்றம்.

திருட்டுக்கும் ஈடு உண்டு. ஆனால் வெள்ளம் போன்ற ஆபத்து நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் திருட்டு நடந்திருக்க வேண்டும். எட்டாம் நாள் வரும் திருடனுக்குத் தங்கள் கெடு தெரியாது. யாராவது சொல்லி வைத்தால் நல்லது.

நஷ்டம் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரர் கடமை என்கிறீர்கள். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கலைக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். நனைந்த மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டால் சாட்சியம் கலைந்துவிடும், போடாவிட்டால் அலட்சியம். அதை எந்த உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரிவித்தால், அடுத்த புயலுக்குள் பயிற்சி எடுத்துக்கொள்வேன்.

ரொக்கத்துக்கும் பத்திரங்களுக்கும் பாலிசியில் ஈடு கிடையாது, புரிகிறது. ஆனால் அந்தப் பத்திரங்களோடு சேர்ந்து கூழாகிப்போன காகிதக் கட்டுக்குள் இருந்த ஃப்ரிட்ஜ் பில்லின் அசலைக் கேட்கிறீர்களே? கூழாகவே கூரியரில் அனுப்பலாமா?

ஆகவே, தாழ்மையான என் கோரிக்கைகள்:

1. தண்ணீருக்கென ஒரு படிவம் அச்சிட வேண்டும். 'எங்கிருந்து வருகிறீர்? வெள்ளமா, கசிவா? திடீரென்று வந்தீரா, நிதானமாகவா?' வாசற்படியிலேயே பூர்த்தி செய்து வாங்கிக்கொள்கிறேன்.

2. வெடிக்கத் தெரியாத குழாய்களுக்குத் தங்கள் செலவில் பயிற்சி தர வேண்டும்.

3. மேற்கண்ட இரண்டும் சிரமம் என்றால், எளிய வழி ஒன்று இருக்கிறது. எந்தத் தண்ணீருக்குப் பணம் இல்லை என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். பிரீமியம் வாங்கும் முன் முகவர் அதை வாய்விட்டுப் படிக்கட்டும். சர்வேயரிடம் இருக்கும் கூர்மையான பார்வையில் பாதி முகவரிடம் இருந்திருந்தால், மாடிக் குழாயை அன்றைக்கே சரி செய்திருப்பேன். பிரீமியம் வாங்கும்போது எல்லாத் தண்ணீரும் ஒரே சாதி. பணம் கொடுக்கும்போது மட்டும் கோத்திரம் கேட்பது நியாயமா?

இப்படிக்கு,
பிரீமியம் தவறாத பாலிசிதாரர்

பி.கு.: தங்கள் பதிலுக்கு ஒரு மாதம் காத்திருப்பேன். அதன் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமாம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாமாம். இதையும் முகவர் சொல்லவில்லை.